கிரெம்ளின் தெரிகிறது, ரஷ்யா தெரியவில்லை

2025 ஏப்ரல் 15 அன்று மாஸ்கோவின் நகாதின்ஸ்கி மாவட்ட நீதிமன்றம் நான்கு பத்திரிகையாளர்களுக்குத் தலா ஐந்தரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மறைந்த எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னி தொடங்கிய ஊழல் எதிர்ப்பு அமைப்புக்காக வேலைசெய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த அமைப்புக்கு ‘தீவிரவாதி’ முத்திரை குத்தி 2021-லேயே தடைவிதித்திருந்தது ரஷ்யா. நால்வரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். விசாரணை மூடிய கதவுகளுக்குள் நடந்தது. அவர்களில் ஒருவரான அன்தோனினா ஃபவோர்ஸ்கயா, நவால்னி இறப்பதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து காணொளி வழியாக நீதிமன்றத்தில் தோன்றியதைப் படமெடுத்தவர். இன்னும் இருவர் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்காகவும் வேலைபார்த்தவர்கள்: கான்ஸ்டன்டின் கபோவ் ராய்ட்டர்ஸுக்கு, செர்கெய் கரேலின் அசோசியேட்டட் பிரஸுக்கு.

அமெரிக்க நிருபர் எவன் கெர்ஷ்கோவிச்சின் பெயரை உலகம் அறியும். உளவு பார்த்ததாகக் கைதுசெய்யப்பட்ட அவர் 16 மாதங்களுக்குப் பிறகு விடுதலையானபோது, அதிபர் ஜோ பைடனே விமானப்படைத் தளத்துக்குப் போய் வரவேற்றார். அவர் வீடு திரும்பியது மகிழ்ச்சிக்குரியது. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் கபோவையும் கரேலினையும் எத்தனை பேர் அறிவார்கள்?

ரஷ்யாவைப் பற்றி வெளிநாட்டு நிருபர்கள் கடந்த நூறாண்டில் எழுதிய நல்ல செய்திகளுக்குப் பின்னால் எல்லாம் ரஷ்யர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள், ஊர் ஊராக அழைத்துப்போனவர்கள், வீட்டுக் கதவைத் திறந்து பேசியவர்கள். நிருபருக்கு நெருக்கடி வந்தால் வெளிநாட்டு பாஸ்போர்ட் கைகொடுக்கும். உதவியவர்களுக்கு அந்த வழி கிடையாது. மாஸ்கோ நிருபரின் அனுபவம் என்று எதைப் பேசினாலும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதன் வரலாறு நீண்டது. 1933 மார்ச்சில் வேல்ஸைச் சேர்ந்த கேரத் ஜோன்ஸ் என்ற 27 வயது இளைஞர் மாஸ்கோவில் கார்கிவ் செல்லும் ரயிலில் ஏறினார். உக்ரைனுக்குள் வெளிநாட்டு நிருபர்கள் அனுமதியின்றிப் போகக் கூடாது என்று சோவியத் அரசு அப்போது தடைபோட்டிருந்தது. ஜோன்ஸ் வழியிலேயே இறங்கிக் கிராமம் கிராமமாக நடந்தார். அவருக்கு ரஷ்ய மொழி சரளம். அவருடைய தாய், இன்று டொனெட்ஸ்க் என்று அழைக்கப்படும் ஊரில், அதை நிறுவிய வேல்ஸ் தொழிலதிபரின் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அதனால் ஜோன்ஸுக்கு நடுவில் துபாஷி தேவைப்படவில்லை. கிராமத்து மக்கள் நேரடியாக அவரிடம் சொன்னார்கள். ரொட்டி இல்லை, மாடுகள் செத்துவிட்டன, மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் பெர்லினுக்கு வந்து செய்தியாளர்களைக் கூட்டி, தான் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னார்.

இரண்டு நாளில் மறுப்பு வந்தது, சோவியத் அரசிடமிருந்து அல்ல. ‘நியூ யார்க் டைம்ஸ்’ நாளிதழின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டி, ரஷ்யர்கள் பசியோடிருக்கிறார்கள், ஆனால் பட்டினியால் சாகவில்லை என்று எழுதினார். டுராண்டி சாதாரண ஆள் இல்லை. 1922 முதல் மாஸ்கோவில் இருந்தவர். ஸ்டாலினைப் பேட்டி கண்டவர். முந்தைய ஆண்டுதான் புலிட்சர் பரிசு பெற்றிருந்தார். அவருடைய சொல்லுக்கு முன்னால் ஓர் இளைஞனின் சொல் எடுபடவில்லை. ஜோன்ஸ் மறுபடி சோவியத் மண்ணில் கால்வைக்கத் தடை விதிக்கப்பட்டது. 1935 ஆகஸ்டில், முப்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், சீனாவின் வடபகுதியில் தன்னைக் கடத்திச் சென்றவர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

டுராண்டிக்குத் தெரியாமல் இல்லை. அதே 1933 செப்டம்பரில் பிரிட்டிஷ் தூதரகத்தில் பேசும்போது, உணவில்லாமல் ஒரு கோடிப் பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். தூதரகத்தின் கடிதத்தில் அது பதிவாகியிருக்கிறது. பிற்கால மக்கள்தொகை ஆய்வாளர்கள் உக்ரைனில் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டார்கள். தெரிந்தும் ஏன் மறைத்தார் என்பதற்கு விடையை அதே காலத்தில் மாஸ்கோவில் யுனைடெட் பிரஸ் நிருபராக இருந்த யூஜின் லயன்ஸ் 1937-ல் எழுதினார். பிரிட்டிஷ் பொறியாளர்கள் சிலர் மீது மாஸ்கோவில் நாசவேலை வழக்கு நடக்கவிருந்தது. உலகமே எதிர்பார்த்த விசாரணை. உள்ளே உட்கார்ந்து எழுத அனுமதி வேண்டும். அனுமதி தருகிற தணிக்கை அதிகாரியோடு உட்கார்ந்து, ஜோன்ஸைப் பொய்யனாக்குவது என்று நிருபர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பது லயன்ஸின் வாக்குமூலம். அந்தக் கூட்டத்தில் நடந்ததாக அவர் சொல்லும் விவரங்களில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நிருபர்கள் அனுமதிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள் என்பதில் இல்லை.

இந்த இடத்தில் டுராண்டியை ஒரு கயவராகச் சித்தரித்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அது போதாது. மாஸ்கோவில் இருப்பதே ஒரு நிருபரின் மூலதனம் என்றாகிவிட்டால், அந்த இருப்பைக் காப்பாற்ற ஒவ்வொரு நாளும் ஒரு சிறு விலை கொடுக்கத் தோன்றும். இன்றைக்கு ஒரு வாக்கியம், நாளைக்கு ஒரு பயணம், மறுநாள் ஒரு பஞ்சம். டுராண்டிக்குப் பின்னும் எத்தனையோ நிருபர்கள் இந்தச் சோதனைக்கு ஆளானார்கள். பலர் தேறினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்டாலின் காலத்து நிருபர் தன் செய்தியை கோர்க்கி தெருவிலிருந்த மத்தியத் தந்தி நிலையத்தில் தணிக்கைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்த வரி போகும், எது வெட்டுப்படும், யார் வெட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. 1947-ல் சோவியத் குடிமக்கள் வெளிநாட்டவரை மணப்பதற்கே தடைச் சட்டம் வந்தது. ஏற்கெனவே மணந்திருந்த நிருபர்கள் சிக்கிக்கொண்டார்கள். மனைவிக்கு வெளியேற அனுமதி இல்லை; மனைவியை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. அசோசியேட்டட் பிரஸின் தாமஸ் விட்னி, இசையமைப்பாளரான தன் மனைவி யூலியா ஸபோல்ஸ்கயாவை அழைத்துக்கொண்டு வெளியேற ஸ்டாலின் சாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விட்னிதான் பின்னாளில் சோல்ஜெனிட்சினின் ‘குலாக் தீவுக்கூட்டம்’ நூலின் முதல் இரண்டு தொகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

வெளிநாட்டுச் செய்திகளுக்கான முன்தணிக்கை 1961-ல் எடுக்கப்பட்டது. கட்டுப்பாடு போய்விடவில்லை. நிருபர்கள் காவலர் நிற்கும் தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். மொழிபெயர்ப்பாளர், ஓட்டுநர், வீட்டு வேலையாள் எல்லோரையும் அரசு அலுவலகம் ஒன்றுதான் அனுப்பிவைக்கும். மாஸ்கோவிலிருந்து 40 கிலோமீட்டருக்கு அப்பால் போக முன்அனுமதி வேண்டும். இத்தனையையும் மீறி 1970-களில் ஓர் அசாதாரணமான தொடர்பு உருவானது. அறிவியலாளர் ஆந்த்ரேய் சகாரவ் போன்ற அதிருப்தியாளர்கள் தங்கள் சின்ன அடுக்ககங்களில் வெளிநாட்டு நிருபர்களைக் கூட்டிப் பேசினார்கள். அந்தச் செய்தி லண்டனுக்கும் நியூ யார்க்குக்கும் போய், பிபிசியின் ரஷ்ய ஒலிபரப்பாகச் சிற்றலை வானொலி வழியே சோவியத் வீடுகளின் சமையலறைகளுக்கே திரும்பி வந்தது. தன் நாட்டில் என்ன நடக்கிறது என்பதை ஒரு சோவியத் குடிமகன் வெளிநாட்டு நிருபரின் புண்ணியத்தில் தெரிந்துகொண்ட காலம் அது.

சகாரவுக்கும் நிருபர்களுக்கும் இடையில் மொழிபெயர்த்தவர்களில் அனதோலி ஷரான்ஸ்கி என்ற இளம் கணித வல்லுநரும் ஒருவர். 1977-ல் அவர் கைதானார். அவரோடு சேர்ந்து செய்தி சேகரித்த ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நிருபர் ராபர்ட் டோத்தையும் பிடித்து வைத்து விசாரித்தார்கள். டோத் அமெரிக்கா திரும்பினார். ஷரான்ஸ்கிக்கு 13 ஆண்டு தண்டனை. 1986 பிப்ரவரியில் பெர்லினின் கிளீனிக்கே பாலத்தில் கைதிப் பரிமாற்றத்தில்தான் அவர் வெளியே வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நிருபர் நிகோலஸ் டேனிலாஃப் உளவாளி என்று பிடிபட்டபோது, சில வாரங்களில் விவகாரம் தீர்ந்து வீடு திரும்பினார். ஒன்பது ஆண்டு எங்கே, சில வாரம் எங்கே?

கோர்பச்சேவ் காலத்தில் கதவுகள் திறந்தன. ஸ்டாலின் காலத்துப் பலியானவர்களின் பெயர்களைத் திரட்ட ‘மெமோரியல்’ அமைப்பு உருவானது. டேவிட் ரெம்னிக் போன்ற நிருபர்கள் சுரங்கத் தொழிலாளர்களிடமும் முன்னாள் சிறைக்காவலர்களிடமும் உட்கார்ந்து பேச முடிந்தது. ரஷ்ய சமூகம் வெளியுலகுக்கு உள்ளபடியே தெரிந்தது அந்த ஒன்றிரண்டு பத்தாண்டுகளில்தான் என்றால் மிகையில்லை. அந்தச் சுதந்திரமும் ரத்தமில்லாமல் கடந்துவிடவில்லை. ‘ஃபோர்ப்ஸ்’ ரஷ்யப் பதிப்பின் ஆசிரியர், அமெரிக்கர் பால் க்ளெப்னிகோவ் 2004 ஜூலையில் மாஸ்கோ தெருவில் சுடப்பட்டார். செச்னியப் போரின் கொடுமைகளை எழுதிய ஆன்னா பொலித்கோவ்ஸ்கயா 2006 அக்டோபர் 7 அன்று தன் அடுக்ககத்தின் லிஃப்டில் கொல்லப்பட்டார். 2011-ல் ‘கார்டியன்’ நிருபர் லூக் ஹார்டிங் உள்ளே விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டார். 2021 ஆகஸ்டில் பிபிசியின் சாரா ரெயின்ஸ்ஃபோர்டு ‘பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்’ என்று வெளியேற்றப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் மெமோரியலைக் கலைக்கும்படி ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பிறகு உக்ரைன் போர். 2022 மார்ச் 4 அன்று கையெழுத்தான சட்டம், ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்றது. எது பொய் என்பதைத் தீர்மானிப்பது பாதுகாப்பு அமைச்சகம். சில நாட்களிலேயே பெரிய மேற்கத்திய நிறுவனங்கள் தங்கள் ஆட்களை வெளியே எடுத்தன, அல்லது ஒளிபரப்பை நிறுத்தின. நோபல் அமைதிப் பரிசு பெற்ற திமித்ரி முராத்தவின் ‘நோவயா கஸெத்தா’ மாத இறுதியில் அச்சு நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு சட்டப் பிரிவு வந்தது: வெளிநாட்டு அமைப்புகளோடு ‘ரகசிய ஒத்துழைப்பு’ செய்தால் எட்டு ஆண்டு வரை சிறை. முதல் சட்டம் நிருபரின் பேனாவுக்கு. இரண்டாவது, அவரோடு பேசுகிறவர்களின் வாய்க்கு. வெளிநாட்டில் அதிகம் பேசப்பட்டது முதல் சட்டம். ரஷ்யாவுக்குள் அதிகம் அஞ்சவைப்பது இரண்டாவதாகத்தான் இருக்கும்.

தங்கியிருந்தவர்கள் சிலர். பிபிசியின் ஸ்டீவ் ரோசன்பெர்க் இன்றும் மாஸ்கோவிலிருந்து எழுதுகிறார். அன்றாட ரஷ்ய நாளிதழ்களைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அவருடைய சிறு காணொளிகள் பலருக்கும் பரிச்சயம். 2024 டிசம்பரில் விளாதிமிர் புதினின் ஆண்டு இறுதிச் செய்தியாளர் கூட்டத்தில், பதவி விலகும்போது ‘ரஷ்யாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று முந்தைய அதிபர் யெல்த்சின் சொல்லிவிட்டுப் போனதை நினைவூட்டி, பார்த்துக்கொண்டதாக நினைக்கிறீர்களா என்று கேட்டார். படுகுழியின் விளிம்பிலிருந்து நாட்டை மீட்டிருக்கிறேன் என்றார் புதின். அப்படி ஒரு கேள்வியை நேருக்கு நேர் கேட்க அங்கே ஒருவர் இருந்தார் என்பதே பெரிய விஷயம்.

கெர்ஷ்கோவிச்சும் அப்படி உள்ளே இருந்தவர்தான். சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேறிய யூதப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, வீட்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவர். ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் முறையான அங்கீகாரத்தோடு ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழுக்காக எழுதிவந்தார். 2023 மார்ச் 29 அன்று யெகாடெரின்பர்க் நகரில் அவரைப் பிடித்தார்கள். டாங்கித் தொழிற்சாலை ஒன்றைப் பற்றி சிஐஏவுக்காகத் தகவல் திரட்டினார் என்றார்கள். பொதுவெளியில் ஆதாரம் எதையும் காட்டவில்லை. 2024 ஜூலை 19-ல் 16 ஆண்டு தண்டனை. இரண்டு வாரம் கழியுமுன் அங்காராவில் நடந்த கைதிப் பரிமாற்றத்தில் விடுதலை. பெர்லின் பூங்காவில் பட்டப்பகலில் ஒருவரைச் சுட்டுக்கொன்று ஜெர்மன் சிறையில் இருந்த வதீம் க்ராசிகோவ் பதிலுக்கு மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். புதின் அவரை விமான நிலையத்தில் கட்டியணைத்து வரவேற்றார். ஒரு கொலையாளியை மீட்பதற்கான பிணையாக ஒரு செய்தியாளர் ஆக்கப்பட்டார். புறப்படுமுன் கொடுக்க வேண்டியிருந்த கருணை மனுவின் கடைசியில், விடுதலைக்குப் பிறகு தனக்குப் பேட்டி தர முடியுமா என்று கெர்ஷ்கோவிச் புதினையே கேட்டிருந்தார். சிறைக்குள்ளும் அவர் தன் தொழிலை விடவில்லை.

அந்தப் பரிமாற்றத்தில் இவான் சஃப்ரோனோவ் இல்லை. ‘கொம்மெர்சாந்த்’, ‘வேதமஸ்தி’ நாளிதழ்களில் ராணுவச் செய்திகள் எழுதியவர். 2020-ல் தேசத்துரோக வழக்கில் கைதாகி, 2022 செப்டம்பரில் 22 ஆண்டு தண்டனை பெற்றார். அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ‘ரகசியங்கள்’ இணையத்தில் யாருக்கும் கிடைக்கக்கூடியவை என்று ‘ப்ரோயெக்ட்’ புலனாய்வு இதழ் காட்டியது. அதே துறையில் எழுதிய அவருடைய தந்தை 2007-ல் ஒரு கட்டடத்தின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தவர். ரஷ்ய பாஸ்போர்ட் மட்டுமே வைத்திருக்கும் பத்திரிகையாளரைக் கேட்டு வாங்க எந்த வெளிநாட்டு அரசுக்கும் அவசரம் இல்லை.

வெளியேறிய நிருபர்கள் இன்று பெர்லினிலும் ரீகாவிலும் உட்கார்ந்து ரஷ்யாவைப் பற்றி எழுதுகிறார்கள். அப்படி எழுதியதில் உயர்ந்த வேலைகளும் உண்டு. போரில் இறந்த ரஷ்ய வீரர்கள் 5,937 பேர் என்று 2022 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் சொன்னார். அதற்குப் பிறகு ரஷ்ய அரசு எண்ணிக்கை வெளியிடவில்லை. ‘மீடியாசோனா’ இணைய இதழும் பிபிசியின் ரஷ்யப் பிரிவும் உள்ளூர்ச் செய்திகள், சமூக ஊடக அஞ்சலிகள், கல்லறைகள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பெயராகத் திரட்டின. 2025-ல் அந்தப் பட்டியல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இந்த வேலைக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புதுச் சிலுவைகளைப் படமெடுத்து அனுப்புகிற ரஷ்யத் தன்னார்வலர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களின் பெயர் எங்கும் அச்சாகாது, அச்சாகவும் கூடாது.

தொலைவிலிருந்து எண்ண முடிகிறது. உணர முடிவதில்லை. கிரெம்ளின் என்ன செய்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படமும் பட்ஜெட் அறிக்கையும் ஓரளவு காட்டிவிடும். ஆனால் ரஷ்ய சமூகம் இந்தப் போரை எப்படிச் சுமக்கிறது? 68 வயதுக் குழந்தை மருத்துவர் நதேஷ்தா புயானோவா போரைப் பற்றித் தவறாகப் பேசினார் என்று, சிகிச்சைக்கு வந்த ஒரு பிள்ளையின் தாய் புகார் கொடுத்தார். 2024 நவம்பரில் மருத்துவருக்கு ஐந்தரை ஆண்டு சிறை. அதே சமூகத்தில்தான், உக்ரைனின் த்னிப்ரோ நகரில் அடுக்ககம் ஒன்று ஏவுகணையால் தகர்ந்தபோது, 2023 ஜனவரிக் குளிரில் மாஸ்கோவாசிகள் உக்ரைனியக் கவிஞர் லேஸ்யா உக்ராயின்காவின் சிலையடியில் பூக்களும் பொம்மைகளும் வைத்தார்கள். 2024 மார்ச் 1 அன்று நவால்னியின் இறுதிச் சடங்குக்கு மாஸ்கோவின் மாரினோ பகுதியில் ஆயிரக்கணக்கானோர் போலீஸ் கண்ணெதிரில் வரிசையில் நின்றார்கள். இன்னொரு பக்கம், ராணுவ ஒப்பந்தத்தில் சேருகிறவருக்கு 19 லட்சம் ரூபிள் முன்பணம் என்று 2024 ஜூலையில் மாஸ்கோ நகராட்சி அறிவித்தது. புர்யாத்தியா, துவா போன்ற ஏழைப் பகுதிகளின் குடும்பங்களுக்கு இதுபோன்ற பணம் எப்படிப்பட்ட ஆசை, எப்படிப்பட்ட துயரம் என்பதை ரீகாவிலிருந்து எழுத முடியாது. அந்த வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும்.

கருத்துக்கணிப்பு இந்தக் குறையைத் தீர்க்காது. சுயேச்சையான லெவாடா மையம் இன்றும் மக்களிடம் கேட்கிறது, பெரும்பான்மை ராணுவத்தை ஆதரிப்பதாகவே விடை வருகிறது. ஒரு சொல்லுக்கு ஏழாண்டு சிறை கிடைக்கக்கூடிய நாட்டில், முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு வந்து கேட்டால் என்ன பதில் வரும் என்பதை யோசிக்க வேண்டும். ஆதரவு பொய் என்றும் சொல்லிவிட முடியாது. பயமும் பெருமிதமும் களைப்பும் ஒரே மனிதரிடம் கலந்திருக்கலாம். அந்தக் கலவையைக் கண்டுபிடிக்க நேரமும் மொழியும் நம்பிக்கையும் வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் பழைய உறவு உண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மலிவு விலையில் விற்ற நூல்களில் டால்ஸ்டாயையும் கோர்க்கியையும் படித்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த அன்பு உண்மையானது. அதன் பெயரால் இன்றைய ரஷ்யாவைப் பார்க்க மறுப்பது அந்த எழுத்தாளர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இன்றைய உறவு இன்னும் நெருக்கமானது. போருக்கு முன் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீதத்துக்கும் கீழே. பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. உதவியாளர் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டதை 2024 பிப்ரவரியில் ‘தி இந்து’ வெளிக்கொண்டுவந்தது. சிலர் அங்கேயே உயிரிழந்தார்கள். அந்த ஜூலையில் பிரதமர் மோடி மாஸ்கோவில் புதினிடமே இதைப் பேச வேண்டிவந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் அங்கே மருத்துவம் படிக்கப் போகிறார்கள். இத்தனைக்கும் பிறகு, ரஷ்யாவைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் பெரும்பகுதி மேற்கத்திய ஏஜென்சிகளிடமிருந்தோ ரஷ்ய அரசு ஊடகத்திடமிருந்தோ எடுத்துப் போடப்படுவது.

ரஷ்யா வைத்திருக்கும் ‘நட்பற்ற நாடுகள்’ பட்டியலில் இந்தியா இல்லை. மேற்கத்திய நிருபருக்குக் கிடைக்காத விசா இந்திய நிருபருக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த வாய்ப்பை மாநாட்டு மேடைகளையும் தலைவர்களின் கைகுலுக்கலையும் படம்பிடிப்பதோடு முடித்துக்கொள்வது பெரும் இழப்பு. டுராண்டியின் சோதனை நம் நிருபருக்கும் வரும். நட்பு நாடு என்பதாலேயே அது இன்னும் இனிமையான முகத்தோடு வரலாம். போகிறவர் ரஷ்ய மொழி கற்றவராக இருக்கட்டும். மாஸ்கோவைத் தாண்டிப் போகட்டும். அவருக்கு வழிகாட்டும் உள்ளூர்ப் பத்திரிகையாளருக்கு அவரை அனுப்பும் நிறுவனம் முறையான ஒப்பந்தமும் நியாயமான சம்பளமும் கொடுக்க வேண்டும். கைதானால் வாதாட வழக்கறிஞருக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். வேலை முடிந்து நிருபர் டெல்லிக்கோ சென்னைக்கோ திரும்பிய பிறகும், அந்த உள்ளூர்க்காரர் பத்திரமாக இருக்கிறாரா என்று தொடர்ந்து விசாரிக்க அலுவலகத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.